மிதக்கும்போது பேசக் கூடாது

இரண்டு மணி நேரம் ஏரியில் மல்லாந்து மிதந்தால் யாருக்கும் முதுகுவலி போய்விடும். நீங்கள் காலையிலிருந்து அந்த மர நாற்காலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் மேடம். சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

என் பெயர் தேவதர்ஷினி. ஊர் பசியாவரம். பொன்னேரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண், வாய்மொழித் தேர்வில் முட்டை. பதில் தெரியும், வாய் திறக்காது. ஒருமுறை சென்னையிலிருந்து ரயிலில் வந்தபோது, வாசலை அடைத்து நின்ற ஒரு அம்மாவிடம் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்ல முடியாமல் பொன்னேரியைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி வரை போனேன். இப்போது எவ்வளவு பேசுகிறேன் பாருங்கள். எனக்கே சிரிப்பு வருகிறது.

தீனா சார் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து ஆட்களை அழைத்துவருவார். என் அப்பா, நைனாவின் படகில் ஏற்றி, முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணல்திட்டில் படுக்கவைத்து, திபெத்திய உலோகக் கிண்ணங்களைத் தட்டி ஒலிக்கவைப்பார். மனம் லேசாகும் என்பார். நைனாவுக்கு நம்பிக்கையில்லை.

"இன்னாடி இது? கிண்ணத்த தட்னா தூங்கறாங்களா? உங்கம்மா குண்டான தட்னா நான் தூக்கத்துலருந்து முழிச்சிக்கறனே."

ஒருநாள் தீனா சாருக்குக் கை வலி. படகில் உதவிக்குப் போயிருந்த என்னிடம் ஒரு கிண்ணத்தையும் மரக்கட்டையையும் தந்தார். விளிம்பைச் சுற்றித் தேய்த்தேன். கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு ஒலிகள் கலந்தால் விம்மும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் உள்ளங்கையில் அது கோழிக்குஞ்சு மாதிரி துடித்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அடங்கிப்போனார்கள். நான் செய்த ஒன்றுக்காக ஒரு கூட்டம் வாயை மூடியது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. வீட்டுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆட்களைத் தண்ணீரில் மிதக்கவைத்தது என் யோசனை. காற்றைவிடத் தண்ணீரில் ஒலி நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். காது நீருக்குள் இருந்தால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாது. தலைக்குள்ளேயே ஒலிப்பது போலிருக்கும். கிண்ணங்கள் படகின் அடிப்பலகையில். மிதப்பவருக்குக் கழுத்துக்கும் முழங்காலுக்கும் அடியில் நுரைக்குழாய், கண்ணுக்குத் துணி, இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை படகில் இருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஏரி முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு இழுக்கும் என்பதால் அந்தக் கயிறு. மிதக்கும்போது பேசக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. அதுவும் நான் வைத்ததுதான்.

ஐம்பது வயது வங்கி மேலாளர் ஒருவர் கரையேறியதும் மணலில் கரணம் போட்டார். அவர் போன பிறகு நானும் போட்டுப் பார்த்தேன்.

தீனா சார் நல்லவர். யாரையும் திட்ட மாட்டார். என்னைப் பொண்ணு என்று கூப்பிடுவார். "பொண்ணு, அந்தப் பெரிய கிண்ணம்." "பொண்ணு, துணியப் பிழி." இரண்டு வருடம் அப்படித்தான். அவர் என் பெயரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காமல் எப்படிச் சொல்வது?

பொங்கல் முடிந்ததும் சொன்னார்: "அடுத்த மாசம் கோவளத்துக்கு மாத்தறோம் பொண்ணு. அங்க நல்லா பேசற ஆள் ஒருத்தங்க கிடைச்சிருக்காங்க. நீ வாயே தொறக்க மாட்டேங்கற, கஸ்டமருங்க பயப்படறாங்க."

கிண்ணங்களும் போய்விடும். நான் தலையாட்டினேன். பிறகு, அதுவரை பேசியதிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினேன்: "சார், இவ்ளோ பேர மிதக்க வெச்சீங்க, நீங்க ஒரு தடவகூட மிதந்ததில்லையே, போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி மிதந்து பாருங்க."

"அடடே, பொண்ணு பேசுது!" என்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

எந்த நாள் என்பதை நான்தான் குறித்தேன். அது பாடு குலுக்கும் நாள். எந்தக் குடும்பம் எந்த நாளில் ஏரியின் எந்தப் பகுதியில் வலை வைக்கலாம் என்று கோயில் வாசலில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சீட்டெடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு அந்த வருடத்துப் பாடு கிடையாது. அதனால் அன்று ஏரியில் ஒரு படகுகூட இருக்காது. அமைதியாக இருக்கட்டும் என்றுதான் பார்த்தேன். தண்ணீர் வற்றும் நேரமும் காலையிலேயே அமைந்தது. நானே கோல் ஊன்றிப் படகைக் கொண்டுபோனேன்.

எவ்வளவு நல்ல காலை தெரியுமா மேடம். தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக்காலில் நின்றன. ஏழு கிண்ணங்களையும் முதன்முறையாக நான் ஒருத்தியே வாசித்தேன். உடம்பு பலகையைவிட்டு மேலே எழும்புவது போலிருந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். தீனா சார் மெல்ல விலகிப் போனார். வலை மிதவை அளவுக்கு ஆனார், பிறகு மிளகு அளவுக்கு. அவரை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் கரை ஒதுங்கினார். கயிறு அவிழ்ந்துவிட்டது, நான் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தேன், அவர் கூப்பிடவில்லை என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். சற்று முன்பு எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னபோது நைனாவிடம் ஆறுதலாகத்தான் சொன்னீர்கள், சின்னப் பெண், முடிச்சுப் போடத் தெரியவில்லை, பயப்படாதீர்கள் என்று.

நைனாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மேடம் சொல்றீங்க? தருமலிங்கம் பொண்ணுக்கு முடிச்சு போடத் தெரியாதா? அஞ்சு வயசுல கத்துக் குடுத்தேன். இது கட்ன படகு புயல்லயே நின்னுச்சு. இது போட்ட முடிச்சு தானா அவுந்துக்காது. எங்க ஊர்ல யார வேணா கேளுங்க."

எனக்காகத்தான் பேசினார். நீங்கள் பேனாவைக் கீழே வைத்ததுகூட அவருக்குப் புரியவில்லை. பெருமையாக என்னைப் பார்த்தார். இப்போது ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து யாரிடமோ அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கிறதா?

நைனாவைப் பொய்யாக்க எனக்கு மனமில்லை. அவர் சொன்னது சரி. நான் போட்ட முடிச்சு எதுவும் இதுவரை அவிழ்ந்ததில்லை. அன்று நான் முடிச்சே போடவில்லை. தீனா சார் இடுப்பில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனிகளையும் கையில் பிடித்திருந்தேன். கிண்ணம் வாசிக்க இரண்டு கையும் வேண்டும்.

அவர் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியையும் அடித்துவிடுங்கள். கூப்பிட்டார். தண்ணீருக்கு மேல் குரல் நன்றாகவே கேட்கும். பொண்ணு என்று கூப்பிடவில்லை மேடம். தேவதர்ஷினி என்று முழுசாகக் கூப்பிட்டார். அத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மிதக்கும்போது பேசக் கூடாதுதான். ஆனாலும் நான் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று, வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.