சுத்தமான ஊசி

— கத்தாதம்மா ஈவ்லின். கடையில ஆளுங்க நிக்கறாங்க.

— நிக்கட்டும், கேக்கட்டுமுங்க ஜலாலுதீன் பாய். ஊட்டி பஜார் பூரா கேக்கட்டும். உங்க மெடிக்கல்ல வாங்குன வலி மாத்திரையாலதான் என் தம்பி கை போவுது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில முழங்கையோட எடுக்கணும்னுட்டாங்க.

— ஸ்டெபினுக்கா? யா அல்லா... ஆனா அது முழுங்குற மாத்திரைம்மா. போதைக்குக் கரைச்சு ஊசியில ஏத்துன்னு நானா சொன்னேன்?

— டாக்டர் சீட்டு இல்லாம ஏன் குடுத்தீங்க?

— அம்மாவுக்கு இடுப்பு வலின்னான். கொழுந்து பறிக்கிற பொம்பளையாச்சேன்னு இரக்கப்பட்டுக் குடுத்தேன்.

— எங்கம்மாவ அடக்கம் பண்ணி ரெண்டு வருசமாச்சுங்க. நீங்களே மாலையோட கல்லறைக்கு வந்தீங்க.

— சரி, வித்தேன். தப்புதான். அதுக்காகக் கை போனதையும் என் தலையில கட்டாத.

— உங்க மாத்திரையில கலப்படம். இல்லீன்னா கை எப்படிக் கருக்கும்? புது ஊசி, ஒரு தடவ போட்டதும் தூக்கிப்போட்டது. ஸ்பிரிட்ல தொடச்சுட்டுத்தான் குத்துனது.

— கலப்படமாம்! எல்லா மாத்திரையிலயும் மாவு, சுண்ணாம்புன்னு என்னென்னமோ சேத்துத்தாம்மா கெட்டியாக்குறாங்க. வயித்துக்குள்ள போனா கழிஞ்சு போயிரும். ரத்தத்துல போனா கரையாது, அடைச்சுக்கும். ஊசி எவ்ளோ சுத்தமா இருந்து என்ன?

— பொய் சொல்லாதீங்க.

— எஸ்டேட் டிஸ்பென்சரியில வெள்ளை கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியற. இது தெரியாதா உனக்கு?

— கட்டுப் போடவும் தடுப்பூசி போடவும்தாங்க எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க.

— அப்ப என்கிட்ட சட்டம் பேசாத.

— ஸ்டேசனுக்குத்தான் போறேன்.

— போ! கடையப் பூட்டட்டும், என்னையும் புடிக்கட்டும். ஆனா அந்தப் பையன் ஒரு டம்ளர் புடிச்சாலே கை நடுங்குது, அவனா நரம்பு பாத்துக் குத்திக்கிட்டான்? எவனோ போட்டு விட்டிருக்கான். மொதல்ல அந்தப் பாவியப் புடிச்சு உள்ள போடச் சொல்லு.

— டாக்டருங்களும் கேட்டுட்டாங்க. பேரச் சொல்ல மாட்டேங்கறான்.

— கை போகும்போதும் காப்பாத்தறானா? அப்படி என்ன ஒசந்த சிநேகிதன்?

— கூட்டாளிககூட கண்ட ஊசியக் குத்திக்கிட்டுச் சாவறதுக்கு, நான் போட்டா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேனுங்க... தினமும் டூட்டிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி நானேதான் போட்டு விட்டேன்.