பத்தாயிரமாவது காட்

— அந்த டிஸ்க்கை மிசினுக்குள்ளை வைக்க விடமாட்டன், மிஸ்டர் கனிசியஸ். கையை எடுங்கோ.

— பத்மாசினி, நான் இஞ்சை வர, கொழும்பிலையிருந்து அனுராதபுரம் மட்டும் ரெயிலிலை நிண்டு, பிறகுதான் இருக்க இடம் கிடைச்சு வந்தனான். உங்களோடை சண்டை பிடிக்கவே வந்தனான்?

— நீங்கள் இந்தக் கொம்பியூட்டர்ப் புரோகிராமை வித்த கொம்பனியின்ரை எஞ்சினியர். நான் இந்தக் கிளினிக்கிலை அதை நாலு வரியமாய் ஓட்டுறவள். எது போடலாம், எது போடக்கூடாதெண்டு எனக்குத் தெரியும்.

— சரி, கதைப்பம். நோயாளியளின்ரை பதிவுக் காட் இப்ப எத்தினையிலை நிக்குது?

— ஒன்பதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றாறு.

— அப்ப இன்னும் மூண்டு பேர்தான். நாலாவது ஆளைப் பதியேக்கை பத்தாயிரம் எண்டு எழுத உங்கடை புரோகிராமிலை இடமில்லை. அது திரும்ப முதலிலையிருந்து தொடங்கும். முதல் வந்தவரின்ரை காட்டை அழிச்சுப்போட்டு அதிலை புது ஆளின்ரை வருத்தத்தை எழுதும். பிறகு ரெண்டாம் ஆள், மூண்டாம் ஆள்...

— என்ன சொல்லுறியள்! ஆற்றை வருத்தம் ஆற்றை காட்டிலை ஏறும் எண்டே தெரியாதே!

— அதுக்குத்தான் இந்தத் திருத்த டிஸ்க். இது நாலாவது திருத்தம். உங்கடை மிசினிலை இருக்கிறது முதலாவது. ரெண்டு திருத்தத்துக்கு மேலை பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்கு உதவி இல்லை எண்டது கொம்பனியின்ரை சட்டம். ரெலிபோன் எடுத்தாலும் ஒருத்தரும் மறுமொழி சொல்லமாட்டினம். தபாலிலை அனுப்பினவைதானே, ஏன் போடேல்லை?

— போட்டனான். வந்த அண்டைக்கே போட்டனான். போட்டுப் பார்த்திட்டு, பழசையே திரும்ப ஏத்தினனான். ஏனெண்டு காட்டுறன். நோயாளிக்குக் குடுக்கிற இந்த மருந்துத் துண்டை வாசியுங்கோ.

— ‘இளையதம்பி. வெள்ளைக் குளிசை. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. சாப்பிட முதல் விழுங்கவும்.’

— இப்ப இதை வாசியுங்கோ. இது உங்கடை புதுத் திருத்தம் அடிச்சது.

— இதிலை முழுக்கக் கேள்விக்குறியெல்லே.

— ஓம். இங்கிலீஸ் எழுத்தில்லாத எல்லாத்தையும் அது கேள்விக்குறியாக்கிப்போடும். நான் நோயாளிக்கு எதைக் குடுக்க? கேள்விக்குறியையோ?

— பத்மாசினி, இந்தத் தமிழ் எழுத்தை ஆர் செய்தது?

— நான்தான். ஏன்?

— நீங்களோ! நான் ஆரோ பெரிய வாத்தியார் எண்டெல்லே நினைச்சன்.

— பிறிண்டருக்குப் புள்ளி குத்த ஒன்பது ஊசி. சதுரக்கொப்பியிலை ஒன்பது வரிசை கீறி, எந்த ஊசி குத்தவேணும் எண்டு பென்சிலாலை புள்ளி வைச்சு, ஒவ்வொரு எழுத்தாய்ச் செய்தது. ‘ழு’வுக்கு மட்டும் மூண்டு நாள். வாலை வைக்க இடமில்லை. கடைசியா வாலைக் கொஞ்சம் சுருட்டிவிட்டன்.

— பார்த்தனான். வடிவான வால்.

— சிரிக்காதேங்கோ. முந்தி இங்கிலீஸிலைதான் எழுதிக் குடுத்தனாங்கள். ஆழ்வாப்பிள்ளை எண்டு ஒரு மனிசன், காதுக்கு விடச்சொன்ன மருந்தை ஒரு கிழமையாய் மூக்குக்குள்ளை விட்டிட்டு வந்து, ‘வாசம் நல்லாய்த்தான் இருக்கு, ஆனால் காது கேக்குதில்லை’ எண்டார். அண்டைக்குத்தான் கொப்பியை எடுத்தனான்.

— பிள்ளை பத்மாசினி! எங்கை இளையதம்பியற்றை துண்டு? மனிசன் குளிசையை வாங்கி வைச்சுக்கொண்டு, துண்டில்லாமல் படி இறங்கமாட்டனெண்டு நிக்குது. ஆர் இந்தத் தம்பி?

— கொழும்பிலையிருந்து வந்தவர், அக்கா. கொம்பியூட்டர் கொம்பனி. மிஸ்டர் கனிசியஸ், இவ சிவக்கொழுந்தக்கா, மருந்து குடுக்கிறவ. இந்தாங்கோ அக்கா, துண்டு.

— கொழும்பிலையிருந்தோ? என்ரை பிள்ளையாரே, முகம் வாடிப்போச்சு. தேத்தண்ணி தாறன். பிள்ளை, இன்னொண்டு. புது ஆக்கள் ரெண்டு பேர் வெளியிலை வாங்கிலை குந்திக்கொண்டு இருக்கினம். அதோடை கனகாம்பிகைக்குப் பிள்ளைப்பேத்து நோக் கண்டிட்டுது. பஞ்சலிங்கம் டொக்குத்தர் உள்ளுக்கை போயிட்டார். இரட்டைப் பிள்ளை! நாலு காட் எடுத்து வை.

— நாலோ!

— ஏன் பிள்ளை கத்துறாய்? பிறக்கிற பிள்ளைக்கும் காட் போடுறதுதானே எங்கடை வழக்கம். ரெண்டும் ரெண்டும் நாலு. நான் போறன், அங்கை ஆளில்லை.

— கேட்டியளே, மிஸ்டர் கனிசியஸ்? ரெண்டாவது பிள்ளைதான் பத்தாயிரம்.

— இண்டைக்கே!

— நான் தமிழை விடமாட்டன். காட்டுகளையும் அழியவிடமாட்டன். உங்கடை சட்டம் ரெண்டையும் சேத்து வைச்சிருக்க விடுதில்லை. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்கோ.

— அழாதேங்கோ. கதிரையைக் கொஞ்சம் தாங்கோ. முதல் உள்ளதெல்லாத்தையும் வேறை டிஸ்க்கிலை கொப்பி எடுப்பம். பிறகு இந்தத் திருத்தத்துக்குள்ளை என்னென்ன கிடக்கெண்டு திறந்து பாப்பம்.

— திறக்கலாமோ?

— திறக்கக்கூடாது. எல்லாத்தையும் ஒண்டாய்ப் போடவேணும், பிரிச்சுப் போட்டால் கொம்பனி பொறுப்பில்லை. அதுவும் சட்டம்தான்... கொப்பி எடுத்து முடிஞ்சுதோ?

— முடிஞ்சுது. கரண்ட் நிக்க முதல் கெதியாச் செய்யுங்கோ.

— இஞ்சை பாருங்கோ. மூண்டு பகுதி. இது நம்பருக்கு. இது திகதிக்கு. இதுதான் எழுத்துக்கு, உங்கடை தமிழைத் தின்னுறது இதுதான். முதல் ரெண்டையும் போடுறன். மூண்டாவதைத் தொடமாட்டன்.

— ஒண்டில்லாமல் மற்றது ஓடுமோ?

— ஓடும் எண்டு நினைக்கிறன்.

— நினைக்கிறியளோ?

— கொம்பனியிலை ஒருத்தரும் இப்பிடிச் செய்து பாக்கேல்லை. அதாலை நினைக்கத்தான் ஏலும். சரி, போட்டாச்சு. வாங்கிலை இருக்கிற ரெண்டு பேரையும் பதியுங்கோ.

— தொண்ணூற்றேழு... தொண்ணூற்றெட்டு. ரெண்டும் ஏறிட்டுது. துண்டு அடிச்சுப் பாக்கட்டோ?

— அடியுங்கோ. பேப்பரை நான் பிடிக்கிறன்.

— ‘மஞ்சள் குளிசை. சாப்பிட்ட பிறகு விழுங்கவும்.’ தமிழ், அண்ணை, தமிழ்! வாலும் அப்பிடியே கிடக்கு!

— இப்ப மிஸ்டர் போய் அண்ணையாப் போச்சுது.

— போங்கோ அண்ணை! இன்னும் பத்தாயிரம் வரேல்லை.

— பிள்ளை! பிள்ளை! முதலாவது பொம்பிளைப்பிள்ளை, என்ன சத்தம் போடுது தெரியுமே!

— தொண்ணூற்றொன்பது. ஏறிட்டுது, அக்கா. மற்றது?

— டொக்குத்தர் கதவைத் திறக்கேல்லை. தம்பி, ஏன் நீ எழும்பி நிக்கிறாய்? பிள்ளையளுக்கு நீயே தேப்பன்?

— இல்லை அம்மா. ஆனால் எனக்கு இருக்கேலாமல் கிடக்கு.

— கேக்குதே? கேக்குதே! அது முந்தினதின்ரை சத்தமில்லை, இது வேறை! எழுது பிள்ளை, ஆம்பிளைப்பிள்ளையாத்தான் இருக்கும், சத்தத்திலை தெரியுது.

— போய்ப் பாத்துச் சொல்லுங்கோ அக்கா, கொம்பியூட்டருக்குச் சத்தம் போதாது.

— ஆம்பிளைதான்! சொன்னனானெல்லே!

— அமத்துறன், அண்ணை... ஒண்டு, பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம்!

— முதலாவது காட்டைத் திறந்து பாருங்கோ. கெதியா.

— ‘தம்பிஐயா, இணுவில், முழங்கால் நோ.’ அப்பிடியே இருக்கு! மனிசன்ரை முழங்காலை ஒருத்தரும் தொடேல்லை!

— என்ரை பிள்ளையாரே, முழங்காலுக்கும் அழுகையோ? ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது? இருங்கோ, கற்கண்டு கொண்டுவாறன், தேப்பன் பை நிறையக் கொண்டுவந்திருக்கிறான்.

— அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? நீங்கள் கொம்பனிக்கு ரிப்போட் எழுதவேணுமெல்லே? அரைத் திருத்தம் போட்டதெண்டு எழுதினால் எங்களை உதவி குடுக்கிற லிஸ்டிலையிருந்து வெட்டிப்போடுவினம்.

— உங்களை மார்கழியிலேயே வெட்டிப்போட்டினம், பத்மாசினி.

— என்ன?

— நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டை வந்திட்டுத் திரும்பிப் போய்ப் பாக்கிறன், உங்கடை கிளினிக்கின்ரை பேர் வெட்டுப்பட்டுக் கிடக்குது. ரெண்டு நாள் யோசிச்சிட்டு லீவு போட்டனான். டிஸ்க் நானே எடுத்து வந்தது. இதை முதலே சொல்லியிருந்தால் மிசினுக்குக் கிட்டவும் விட்டிருக்கமாட்டியள்.

— அப்ப கொம்பனி அனுப்பேல்லையோ? பின்னை உங்களை ஆர் அனுப்பினது?

— பாசையூரிலை இருக்கிற என்ரை அம்மா. அவவுக்குச் சீனி வருத்தம், உங்கடை கிளினிக்கிலைதான் மருந்து; இங்கிலீஸ் தெரியாததாலை ஆறு வரியமாய் மருந்துப் போத்திலை நிறத்தைப் பாத்துத்தான் எடுத்தவ. நத்தாருக்கு நான் போத்திலை வாங்கி வாசிச்சுச் சொல்லப் போக, ‘தாடா இஞ்சை’ எண்டு பறிச்சு, அதோடை கிடந்த உங்கடை தமிழ்த் துண்டைத் தானே எனக்கு வாசிச்சுக் காட்டினவ.