கோல் சாயவில்லை

டீக்கு நன்றி, ஐயா. போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில் சர்க்கரை குறைவாகப் போடுகிற கடை ஒன்று இருப்பது இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

நான் குமரகுருபரன். பாளையங்கோட்டையில் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கெசியா என்னிடம் ஆராய்ச்சி செய்த பெண். கால்வாயில் எழும் சில அலைகள் உடையாது, கலையாது. ஒரே உருவத்தில் வெகுதூரம் போகும். அதில் உயரமானது வேகமாகப் போகும். முன்னால் போகும் சின்ன அலையை எட்டிப் பிடித்து ஊடுருவினாலும், இரண்டும் பழைய உருவத்திலேயே வெளியே வரும். மதகை எவ்வளவு திறக்கிறோம் என்று சொன்னால் போதும். எந்த அலை என்ன உயரத்தில் எங்கே வரும் என்று தண்ணீரைத் தொடாமலே கணக்கிட்டுவிடலாம். தாளில் பலபேர் செய்ததுதான். ஒருமுறையாவது கண்ணால் பார்க்காமல் ஓய்வு பெற எனக்கு மனமில்லை.

தச்சநல்லூர் தாண்டி ஒரு சிமெண்ட் கால்வாய் இருக்கிறது. தரையில் அளவுகோலை ஊன்ற வழியில்லை. யாராவது நின்று பிடிக்க வேண்டும். மதகைப் பார்த்துக்கொள்ளும் வேதமுத்து அண்ணாச்சி சக்கரத்தைச் சுற்றும் விதத்தைக் காட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். கரையில் கேமராவை வைத்தேன். கெசியா நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

“சார், எனக்கு நீச்சல் தெரியாது. ஒரு அலைதான வரும்?”

“ஒண்ணுதாம்மா. கோலை மட்டும் விட்டுராத.”

முதல் அலை அவளிடம் போய்ச் சேரும் முன்பே மதகை மறுபடியும் திறந்தேன், இந்தமுறை அகலமாக. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் அவளை நிறுத்தியிருந்தேன். பெரிய அலை அவள் தலையை மூடும் என்பது முந்தின நாளே கணக்கில் வந்திருந்தது.

உங்களிடம் படிக்கிறவர்களில் நீச்சல் தெரிந்த பையன்கள் இருந்தார்களே, ஏன் அவளை இறக்கினீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நீச்சல் தெரிந்தவன் பெரிய அலையைக் கண்டதும் கோலை விட்டுவிட்டு நீந்துவான். தெரியாதவள் கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

அப்படித்தான் பிடித்திருந்தாள். படத்தைப் பாருங்கள், அலை கடந்து முடியும்வரை கோல் சாயவில்லை. கணக்குக்கும் அளவுக்கும் விரலகலம்கூட வித்தியாசமில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்; ஒன்றும் தோன்றவில்லை. அவள் மேலே வரவில்லை. நான் மதகு மேலேயே நின்றேன். எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் இரண்டு அலையும் பிரிந்து போவது கேமராவில் பதிய வேண்டும். நான் இறங்கினால் தண்ணீர் கலங்கிவிடும்.

அவள் அப்பா எலியேசர் வாத்தியார் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுரை அச்சாகட்டும், ஐயா. அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்தால் அவருக்கு மனசு ஆறிவிடும்.