அவசரப்பட்டு வாங்கக் கூடாத மெஷின்

டைல்ஸ் வெட்டுகிற தண்ணீர் மெஷின் வாங்குவதென்றால் முதலில் மேசையின் நீளத்தைப் பார்க்க வேண்டும். எல்லோரும் மோட்டாரைத்தான் பார்ப்பார்கள். மோட்டார் பெரிதாக இருந்து மேசை குட்டையாக இருந்தால் இரண்டடி டைல்ஸ் பாதி வழியில் நின்றுவிடும். அடுத்தது தண்ணீர்த் தட்டு. பிளேட் அந்தத் தட்டில் நனைந்துகொண்டே சுற்றும். அதனால் தூசி எழும்பாது, டைல்ஸ் சூடேறி வெடிக்காது. தட்டைக் கழற்றிக் கழுவ வசதியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. இவ்வளவையும் நான் மூன்று வருடத்தில் கற்றுக்கொண்டேன்.

ஹிஸ்புல்லா ஹாஜியார், பள்ளிவாசல் நிர்வாகத்தின் சார்பில் நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டீர்கள். என் மகள் இல்மாவின் நிக்காஹ் ஏன் மூன்று வருடமாகத் தள்ளிப்போகிறது என்பது உங்கள் கேள்வி. வீட்டின் தரை முடியவில்லை என்பது என் பதில். தரை ஏன் முடியவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். அதனால்தான் மெஷினில் இருந்து தொடங்கினேன்.

நம்மவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். பெண்ணுக்கு நாம் வீடு கொடுக்கிறோம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருகிறார். அன்றைக்கே பெண்ணின் வாப்பாவும் உம்மாவும் முன்வீட்டை விட்டுவிட்டு, சமைக்கிற குசினிக்குப் பின்னால் இறக்கிய அறைக்குப் போய்விட வேண்டும். மற்ற ஊர்களில் மகள் புறப்படும்போது தகப்பன் அழுவானாம். இங்கே மகள் இருந்த இடத்திலேயே இருப்பாள், தகப்பன்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படுவான். அழுவதற்கு அவனுக்கு ஒரு நல்ல இடம்கூடக் கிடைக்காது, ஏனென்றால் விறாந்தையில் மாப்பிள்ளை வீட்டார் இருப்பார்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்கிறார், வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. நல்ல பிள்ளை. அவருடைய உம்மா கமறியா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தரைக்கு டைல்ஸ் போட்டுட்டுச் சொல்லுங்க, நாள் குறிப்பம். எண்ட மகனுக்குச் சீமெந்துத் தரையும் போதும். ஆனா ஊரு பாக்கும்தானே."

இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நானே உடனே போய் டைல்ஸ் எடுத்தேன். இளம் சாம்பல் நிறம், இரண்டடிக்கு இரண்டடி. தலவிலையில் இருந்து தோமஸ் பாஸைக் கூப்பிட்டேன். இந்தக் கரையோரத்தில் டைல்ஸ் வேலைக்கு அவரைப் போல ஒரு மேசன் பாஸ் இல்லை. வந்த அன்றே விறாந்தையின் நடுப்பகுதிக்கு முழு டைல்ஸ்களைப் பதித்துவிட்டார். சுவரோரங்களுக்கு மட்டும் வெட்டித்தான் போட வேண்டும். அதற்குத் தன்னுடைய கைக் கிரைண்டரை வெளியே எடுத்தார்.

"ஒரு கிழமையில முடிச்சுத் தாறன் நானா" என்றார். அண்ணன் முறையில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு கிழமை, ஏழே நாள் என்றதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கிரைண்டர் வேண்டாம் என்றேன். காய்ந்த டைல்ஸை அதால் வெட்டினால் வீடு முழுவதும் மாவு பறக்கும், என் மனைவி சித்தி லெய்லாவுக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது, தண்ணீரில் வெட்டுகிற மெஷின் நானே வாங்கித் தருகிறேன் என்றேன். இழுப்பு பொய்யில்லை, டொக்டர் எழுதித் தந்த துண்டு இருக்கிறது. அந்த நிமிடம் வரைக்கும் தன்னுடைய இழுப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று சித்தி லெய்லா சொல்கிறாள். அவள் சொன்னதையும் எழுதிவிட்டேன்.

மெஷின் தேர்ந்தெடுக்க எட்டு மாதம் எடுத்தேன். பார்த்ததை எல்லாம் எழுத ஒரு கொப்பி போட்டேன். புத்தளத்தில் இரண்டு கடை, சிலாபத்தில் ஒன்று, கொழும்பில் நான்கு. ஏழு அங்குல பிளேட்டா, எட்டு அங்குலமா. சரித்து வெட்டலாமா. மோட்டார் எத்தனை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். சிலாபத்துக் கடைக்காரர் நாலாம் தரம் போனபோது உட்காரக் கதிரை போட்டார். ஐந்தாம் தரம் தேநீர் தந்தார். ஆறாம் தரம் என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒளிந்துகொண்டார், நான் சாமான் அறைவரை போய்த்தான் அவரைப் பிடித்தேன். வீட்டுக்கு நல்ல மெஷின் வேண்டும் என்று நினைப்பது ஒரு தகப்பனின் கடமை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த எட்டு மாதமும் விடிய சுபஹுத் தொழுகை முடிந்து வந்ததும், விறாந்தையின் நடுவில் டைல்ஸ் பதித்த இடத்தில் கதிரையைப் போட்டு, வெறுங்காலோடு உட்காருவேன். கால் குளிர்ந்துவிடும். தொண்ணூறில், சண்டை நடந்தபோது, முஸ்லிம்கள் என்று வடக்கில் இருந்து நாங்கள் துரத்தப்பட்டு, படகில் கல்பிட்டியில் வந்து இறங்கியபோது எனக்கு முப்பது வயது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் மணல் தரை. பாயில் மணல், சோற்றில் மணல். இல்மா அந்தக் கொட்டிலில்தான் பிறந்தாள், அவளுடைய காதுக்குள் இருந்தும் மணல் எடுத்திருக்கிறேன். சண்டை முடிந்து நாலு வருடத்துக்குப் பிறகுதான் இந்த வீட்டைக் கட்டினேன். இதெல்லாம் விசாரணைக்குத் தேவையில்லாதது. வாசிக்காமல் விடலாம்.

கடைசியாக ஒரு மெஷின் வாங்கினேன். அதன் மேசை ஒன்றரை அடி. டைல்ஸ் இரண்டடி என்று கடைக்காரரிடம் சொன்னேன். இதில் வெட்ட முடியாது என்று அவர் மூன்று தரம் சொன்னார். எனக்கும் தெரியும். என் கொப்பியின் முதல் பக்கத்தில் முதல் வரியே அதுதான். இருந்தாலும் பில் போடச் சொன்னேன். தோமஸ் பாஸ் அதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். மாற்றி எடுக்க ஐந்து மாதம் போனது. அதில் ஒரு மாதம் தலவிலைக் கோயில் திருவிழா, அப்போது தோமஸ் பாஸ் கோயிலை விட்டு வெளியே வரமாட்டார். மாற்றி எடுத்த மெஷினைக் கொண்டுவந்து கொடுப்பதற்கு அந்த மாதத்தைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். மாப்பிள்ளை முதலாவது லீவில் வந்து, எங்கள் வீட்டில் இரண்டு தரம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். இல்மா அவரை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது மெஷின் நல்ல மெஷின். நீட்டு மேசை, எட்டு அங்குல பிளேட், ஆழமான தட்டு. தோமஸ் பாஸ் அதைக் கன்றுக்குட்டியைப் போலத் தடவிக் கொடுத்தார்.

"இனி நாலு நாள் வேலதான் நானா. மகள்ட கலியாணத்துக்கு எனக்கும் சொல்லுங்கோ."

கட்டாயம் சொல்வதாகச் சொன்னேன். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். நான் இருபத்தைந்து வருடம் அங்கே கங்காணியாக இருந்தவன், பென்சன் எடுத்த பிறகும் வாசல்காரன் என்னைக் கேள்வி கேட்கமாட்டான். உப்புப் பூப்பதற்குக் கொஞ்சம் முந்திய பதத்தில், பாத்தியில் தண்ணீர் எண்ணெய் போலக் கனத்து நிற்கும். அதில் ஒரு கான் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் தோமஸ் பாஸ் சாப்பிடப் போனபோது தட்டில் இருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, இதை நிரப்பினேன். ஒவ்வொரு நாளும் மத்தியானம் அப்படிச் செய்தேன். கடினமான வேலை இல்லை. நம்முடைய கிணற்றுத் தண்ணீரே உப்புச் சவர்த் தண்ணீர் என்பதால், பிளேட்டில் வெள்ளை படிந்ததை அவர் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மெஷின் கீச்சிடத் தொடங்கியது. ஐந்தாம் நாள், வாசலோரத்தில் நாலு துண்டு மட்டும் மிச்சம் இருக்கும்போது, அதன் உடம்பில் கரண்ட் ஏறிவிட்டது. தோமஸ் பாஸை அடித்தது. அவர் பின்னால் போய் சீமெந்துப் பைகளின் மேல் விழுந்தார். நான்தான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினேன். தேநீர் ஊற்றி, சீனி கூடப் போட்டு, கையில் கொடுத்தேன்.

"நீங்க இல்லாட்டி நான் செத்திருப்பன் நானா" என்றார்.

அப்படியெல்லாம் சொல்லக் கூடாது பாஸ் என்றேன். அவருக்கு மூன்று பிள்ளைகள் இருப்பது எனக்குத் தெரியும். மூத்தவளுக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியும், எமிலியா.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்று கதைக்கும்போது, தோமஸ் பாஸ் கண்ட தண்ணீரையும் ஊற்றி என் புது மெஷினைக் கெடுத்துவிட்டார் என்று சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. கவலையோடுதான் சொன்னேன். கவலையோடு சொன்னால் ஆட்கள் நம்புவார்கள். மூன்று இடத்தில் அவருடைய வேலையை நிறுத்தினார்கள். அதில் ஒன்று நம் பள்ளியில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற இடம். நிறுத்தியது நீங்கள்தான் ஹாஜியார். குறையாகச் சொல்லவில்லை, என் வார்த்தையை மதித்தீர்கள். தோமஸ் பாஸ் ஏறக்குறைய இரண்டு வருடமாக இறால் பண்ணையில் கூலிக்குப் போகிறாராம். மாப்பிள்ளையின் இரண்டாவது லீவும் முடிந்தது. கமறியா குறிஞ்சிப்பிட்டியில் வேறு ஒரு பெண்ணைப் பார்ப்பதாகச் சித்தி லெய்லாவுக்குச் செய்தி வந்தது. அவள் குசினிக்குள் இருந்து அழுதாள். நான் விறாந்தையில் இருந்தேன், என் கால் குளிர்ச்சியாக இருந்தது.

போன கிழமை இல்மா பழுதான மெஷினைத் திருத்தக் கொடுக்கலாம் என்று கொல்லைக்கு இழுத்துப் போய்த் தட்டைக் கழற்றியிருக்கிறாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாசர் வைத்தாள்.

"என்ன மகள் இது?"

"உப்பு வாப்பா. மெஷின்ட தட்டுல இருந்திச்சு."

"நம்மட கிணறு உப்புத்தானே."

"கிணத்துத் தண்ணி வத்தினா மா மாதிரிப் படியும். இது கல்லுப்பு." எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் உப்பளத்துக்காரன்ட மகள் வாப்பா. சோறு ஆறுது, தின்னுங்க."

நான் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். நல்ல உப்பு, கசப்பே இல்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த நாள் பஸ் ஏறித் தலவிலைக்குப் போய்த் தோமஸ் பாஸிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தாள். அதற்கு முன்பே கமறியாவிடமும் நடந்ததைச் சொல்லி நாள் குறித்துவிட்டாளாம். அவள் பள்ளியில் வைத்துச் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்.

"அவர் லீவுல வந்திருக்கிறார். வாற வெள்ளிக்கிழம நிக்காஹ். அதுக்கு முன்ன தரை முடிஞ்சா நான் எண்ட வீட்டுல இருப்பன். முடியாட்டி மாமி வீட்டுக்குப் போறன். வீட்டை வாப்பாவே வச்சிருக்கட்டும்."

நம்மவர்களில் எந்தப் பெண்ணும் இப்படி வீட்டை விட்டுப் போனதில்லை. சித்தி லெய்லா தானும் அவளோடு போவதாகச் சொல்கிறாள். நேற்றே தன் உடுப்புகளை அலுமாரியில் இருந்து எடுத்துவிட்டாள்.

ஆகவே ஒன்றையும் மறைக்கவில்லை. குட்டை மேசை மெஷினைத் தெரிந்துகொண்டே வாங்கினேன். உப்புப் பாத்தித் தண்ணீரை ஊற்றினேன். தோமஸ் பாஸுக்குக் கரண்ட் அடித்தது என்னால். அவருக்குக் கெட்ட பெயர் வந்தது என் வாயால். ஏன் செய்தேன் என்று கேட்டால், மகளுக்குத் தரை குறையில்லாமல் அமைய வேண்டும் என்பதற்காக என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். எனக்கு அந்தத் தரையின் மேல் ஆசை. என் சொந்தத் தரையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் இல்மா இல்லாத வீட்டில் அந்தத் தரை எனக்கு எதற்கு?  எனக்கு என் மகள் வேண்டும். பின்னறைக்கு இன்றைக்கே போகச் சொன்னாலும் போகிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. மிச்சம் இருப்பது வாசலோரத்தில் நாலே நாலு துண்டு. தோமஸ் பாஸ் பெரிய மனது பண்ணி, போனது போகட்டும், நாளைக்குக் காலையில் கிரைண்டரைக் கொண்டுவந்து அரை நாளில் வெட்டிப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள். நாளைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கிரைண்டர் என்றால் தூசி, சித்தி லெய்லாவுக்கு இழுப்பு. சிலாபத்தில் புது மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம், தட்டு துருப்பிடிக்காத இரும்பு, உப்புத் தண்ணீரே பட்டாலும் ஒன்றும் ஆகாதாம். காலை பஸ்ஸில் போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன், கொப்பி இருக்கிறது. வெள்ளிக்கிழமையைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று இல்மாவிடம் மட்டும் நீங்கள் பேசிப் பாருங்கள் ஹாஜியார். இது அவசரப்பட்டு வாங்குகிற சாமான் இல்லை என்று அவளுக்கே தெரியும்.