புத்தலப்பட்டு வரைக்கும் ஓட்டிய பெண்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கிளம்பியதும் அந்த அம்மாள் ஆரம்பித்தார்.

"நடு ரோட்டுல காரை உட்டுட்டு நம்ம பொண்ணு நடந்தே வூட்டுக்கு வந்துட்டா. நீ இன்னாதான் சொல்லித் தந்த?"

"கிளட்சை மெதுவா உடுன்னு சொன்னேன்."

"சொன்னியா? தெருவே வந்து எட்டிப் பார்த்துச்சு. நைனா கத்துனா எது பிரேக்குன்னே மறந்து போவுதுன்னு அழுவுறா. டிரைவிங் ஸ்கூல்ல சேத்துடுன்னு அப்பவே சொன்னேன்."

"அங்க வாத்தியார் காலடியிலயும் ஒரு பிரேக்கு இருக்கும். இவ இன்னாத்த கத்துக்குவா? கொஞ்சம் பயம் இருந்தாத்தான் வண்டி வரும்."

"பயம் வந்துடுச்சு. வண்டிதான் வரல."

அதற்குள் அந்த அம்மாளின் போன் அடித்தது. பேசிவிட்டுக் கணவரிடம் சொன்னார்.

"பொண்ணுதான். உன் தம்பியைப் பக்கத்துல உக்கார வெச்சிக்கினு புத்தலப்பட்டு வரைக்கும் ஓட்டிக்கினு போய் வந்துட்டாளாம்."

"அவன் இன்னா சொல்லித் தந்தானாம்?"

"ஒண்ணும் சொல்லலியாம். வேர்க்கடலை துன்னுக்கினு வந்தானாம்."

கணவர் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார். பிறகு, "அவளுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. நாளைக்கு நான் சொல்லித் தரேன்" என்றார்.

"வேணாம்" என்றார் அந்த அம்மாள். "அவ முன்னாடியே போவட்டும்."