பீடத்தின் அடியில் எழுதியது

வெளியிலிருந்து எடுத்துவந்த மண்ணை அடுப்பில் வைத்துச் சுடாமல் பொம்மைப் பீடத்தில் ஒட்டக் கூடாது, இன்ஸ்பெக்டர். பூச்சி முட்டை இருக்கும், ஆறே மாதத்தில் பூசணம் பிடிக்கும். என் மனைவி மியூரியலுக்குத்தான் இது ஆகாது. "ஞாயித்துக்கிழமை கறி வேகுற அடுப்புல மண்ணைக் கொண்டாந்து வைக்கிறியே சிரில், உனக்கே நல்லாயிருக்கா?" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

எங்கள் நாட்டிங்ஹாம் சங்கத்தில் ஈயச் சிப்பாய்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் நாற்பது பேர். அவர்களில் டெஸ்மண்டை மிஞ்ச ஆளில்லை. கட்டைவிரல் உயரச் சிப்பாயின் கண்ணுக்குள் ஒளிப்புள்ளி வைப்பான். அந்தச் சிப்பாய் நிற்கும் தரையை இருபத்திரண்டு வருடம் நான் செய்தேன். பைன் மரப்பட்டையை உடைத்தால் பாறை. காய்ந்த வேர்தான் விழுந்த மரம். பிழிந்து உலர்த்திய தேயிலைதான் சருகு. எல்லாவற்றின் மேலும் கரும்பழுப்பு பூசி, காய்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் வெளிர்நிறம் தடவ வேண்டும். மண் எடுத்த இடத்தையும் தேதியையும் ஒவ்வொரு பீடத்தின் அடியிலும் எழுதிவைப்பேன். ஒருவரும் திருப்பிப் பார்த்ததில்லை. பத்திரிகையில் படம் போட்டால் சிப்பாயின் முழங்காலோடு வெட்டிவிடுவார்கள்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

போன செப்டம்பர் போட்டிக்காக அவன் ஒரு முரசுக்காரப் பையனுக்கு வர்ணம் தீட்டினான். தோற்றுத் திரும்பும் படையில் சேற்றில் உட்கார்ந்துவிட்ட பையன். அந்தச் சேற்றுப் பாதைக்கு எனக்குப் பதினோரு வாரம் பிடித்தது. போட்டியன்று மேசையில் பார்த்தால், பையன் பளபளக்கும் கறுப்பு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறான்.

"நம்ம பீடம் எங்கே?" என்றேன்.

"கோச்சுக்காதப்பா. உன் சேறு கண்ணை இழுக்குது, என் ஆளை எவனும் பாக்க மாட்டேங்குறான். பேத்து எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"குப்பையில போட்டேன். மண்ணுதானே சிரில், இன்னொண்ணு செஞ்சுக்கிட்டாப் போச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

அடுத்த மாதம் அவனே சமாதானத்துக்கு வந்தான். "மண்ணு பொறுக்க நானும் வர்றேன். நீ எங்கேதான் போறேன்னு பாத்துடறேன்" என்றான். மாட்லாக் ஊருக்கு மேலே கைவிட்ட கல்குவாரிக்கு அழைத்துப் போனேன். அக்டோபர் ஒன்பது. பன்றிக்கறி அடைத்த அப்பமும் பிளாஸ்க் நிறையத் தேநீரும் கொண்டுவந்திருந்தான். விளிம்புக்குக் கீழே நல்ல பாசி இருக்கிறது பார் என்றேன். குனிந்து பார்த்தான். முதுகில் கை வைத்தேன். பெரிதாகத் தள்ளவில்லை.

"சிரில், காலு போச்சுடா, ஆளைக் கூப்பிடு" என்று கீழேயிருந்து கத்தினான். சுற்றுப்பாதையில் இறங்கிப் போனேன். உதவத்தான் வருகிறேன் என்று நினைத்துவிட்டான் போலும், "நல்ல மனுஷன்டா நீ" என்றான். உண்மையிலேயே அங்கே பாசி அருமையாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் பொறுக்கினேன். முதலில் திட்டினான், பிறகு கெஞ்சினான், பிறகு தண்ணீர் கேட்டான். அவன் தேநீரை நான் குடித்தேன், குளிர் அப்படி. அவன் அடங்கிய பிறகு மேலே கற்களை அடுக்கினேன். பாவமாகத்தான் இருந்தது.

அன்று முழுக்க வீட்டில் இருந்ததாக உங்களிடம் சொன்னேன். அது பொய். மற்றவர்களோடு சேர்ந்து அவனைத் தேடவும் போனேன்.

மார்ச்சில் அவன் பெயரில் ஒரு போட்டி வைத்தார்கள். சிப்பாய் இல்லாமல் வெறும் பீடம் ஒன்றை வைத்தேன். குவாரியின் தரை, அவ்வளவுதான். அதில் அவன் விழுந்த இடத்தில் எடுத்த இரண்டு கற்களுக்கு நான் பழுப்பு பூச வேண்டியிருக்கவில்லை.

நடுவர் திருமதி ஆக்டன் அதை விட்டு நகரவேயில்லை. "அடேயப்பா, நெசத் தரை மாதிரியே இருக்கே. எங்கே எடுத்த மண்ணு சிரில்?" என்றவர், நான் வாய் திறப்பதற்குள் பீடத்தைத் திருப்பினார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் ஆள். உரக்கவே படித்தார்: மாட்லாக் குவாரி, அக்டோபர் ஒன்பது. காணவில்லை என்ற நோட்டீஸில் ஐந்து மாதமாக எல்லோரும் பார்த்துப் பழகிய தேதி. பீடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

வேறு தேதி எழுதியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். உங்களிடம் பொய் சொல்ல முடிந்தது. பீடத்தின் அடியில் முடியாது. மறுநாள் நீங்கள் போய்க் கற்களைப் புரட்டினீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

சாட்சிக்காக உங்கள் ஆள் என் பீடத்தை எடுத்த படங்களை மேசையில் பார்த்தேன். நாலு பக்கமும் எடுத்திருக்கிறார், அடிப்பக்கம்கூட. ஒன்றில்கூடப் பீடத்தை வெட்டவில்லை. டெஸ்மண்ட் இருந்து பார்த்திருந்தால் எனக்காகச் சந்தோஷப்பட்டிருப்பான்.