யெர்கோவுக்கு நான் கட்டிய துணி

எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடிக்கும், வக்கீலம்மா. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிற ஆண்பிள்ளையை எங்கள் அந்தோஃபகஸ்தாவில் விளக்கு வைத்துத்தான் தேட வேண்டும். யெர்கோ வந்த பிறகுதான் என் மகள் மைலேன் வாய்விட்டுச் சிரித்தாள்.

நான் வாய் திறந்தால் அவன் நாளைக்கே வெளியே வருவான், இல்லாவிட்டால் மூன்று வருடம் சிறை என்கிறீர்கள். சொல்கிறேன், உட்காருங்கள். தேநீர் ஆறுகிறது.

அவனிடம் ஒரே குறை, புந்தா அரேனாஸில் கிடைத்த வேலை. நாங்கள் வடக்கே, அது நாட்டின் தெற்குக் கோடி. கல்யாணத்துக்கு மறுநாளே இருவரும் கிளம்புவதாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் புதுச் சட்டம் வந்தது. ஊர்வலத்தில் முகத்தை மூடினால் சிறை. முன்பெல்லாம் கண்ணீர்ப்புகைக்குப் பயந்து, சோடா உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டுதான் எல்லோரும் போவோம். ஓய்வூதிய ஊர்வலத்துக்கோ யெர்கோ வெறும் முகத்தோடு வந்தான். பயந்த பிள்ளை.

புகைக்குண்டு விழுந்ததும் இருமினான். பையிலிருந்து ஈரத்துணியை எடுத்தேன்.

"வேணாம் அத்தே, சட்டம் இருக்கு."

"சட்டமா இருமுது? நீதானே இருமுற. குனிடா, கொடிமரம்."

"மாட்டினா உங்க பேரைத்தான் சொல்வேன்."

"சொல்லு, சொல்லு. ஜெயில்லயாவது யாராவது எனக்குச் சமைச்சுப் போடட்டும்."

சிரித்துக்கொண்டே குனிந்தான். முப்பது வருடம் மீன்வலை கட்டிய கை இது. ஈரத்தில் இறுகுகிற முடிச்சைத்தான் போட்டது. பிறகு தெருமுனைப் போலீஸ்காரரிடம் நடந்து போய், "தம்பி, அந்த நெட்டையன் முகத்தை மூடியிருக்கான், பாருங்க" என்றேன். போலீஸ்காரர்கள் ஓடி வந்தபோது யெர்கோ துணியைப் பிய்த்துப் பிய்த்து இழுத்தான். நல்ல முடிச்சு, அவிழவில்லை.

நீதிபதி கேட்டதற்கு, "நானேதான் கட்டினேன்" என்றானாம். என்னைச் சிக்கவைக்க மனம் வரவில்லை. தங்கமான பிள்ளை என்று அப்போதே சொன்னேனே.

மைலேன் கட்டிய பெட்டிகளைப் பிரித்துவிட்டாள். மாலையில் என்னோடுதான் ரொட்டியும் அவகாடோவும். பேச்சுதான் இல்லை. ஆனால் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், வேறென்ன வேண்டும்?

ஆக, துணியைக் கட்டியது நான், ஆளைக் காட்டிக்கொடுத்தது நான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்தா? அது முடியாது, வக்கீலம்மா. எனக்காக அவன் அவ்வளவு ஆசையாகச் சொன்ன பொய். அதை நானே உடைத்தால் பிள்ளை மனசு என்ன பாடுபடும்?